உம்மா என்ன சொன்னது? விளக்க அட்டை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மெசொப்பொத்தேமியக் காட்சிக்கூடங்களில் பொருளுக்குப் பக்கத்தில் விளக்க அட்டை எழுதி வைக்கும் காப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் தொல்லியல் படித்தவன் இல்லை. அந்தக் காலத்தவர் களிமண்ணில் பதித்த ஆப்பெழுத்தும் தெரியாது, மொழிபெயர்ப்புகளை வைத்துக் காலம் தள்ளுகிறவன். லீவு கிடைத்தால் ஏதாவது ஒரு அருங்காட்சியகத்துக்குப் போய், ஒரே கண்ணாடிப் பெட்டி முன்னால் கால் வலிக்கும்வரை நிற்பது என் பழக்கம். அப்படி ஒரு கூடத்தில் சுமேர் (இன்றைய தெற்கு ஈராக்) நகர அரசுகளைப் பற்றிய அட்டை ஒன்றைப் படித்தேன். எந்த ஊர், எந்தக் கூடம் என்பது வேண்டாம். ஒரு இடத்தை மட்டும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அட்டையின் சாரம் இதுதான்: உம்மா நகரம் லகாஷின் வயலை ஆக்கிரமித்தது, லகாஷ் மன்னன் போரிட்டு அதை மீட்டான். இரண்டே வரி.

இதை யார் சொன்னது என்று அட்டையில் ஒரு வார்த்தைகூட இல்லை.

சொன்னது லகாஷ். நாலாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வரப்புத் தகராறில் ஒரு பக்கத்து வாக்குமூலத்தை வாங்கி, அதையே தீர்ப்பாக எழுதி மாட்டிவிட்டோம். பல புத்தகங்களிலும் இப்படித்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் திறந்த மடல் என்பதால் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கி.மு. 2500ஐ ஒட்டிய காலம். இன்றைய தெற்கு ஈராக்கின் சமவெளியில் ஊர், உருக், கிஷ், அதாப், லகாஷ், உம்மா என்று நகரத்துக்கு ஒரு அரசு, அரசுக்கு ஒரு தெய்வம். (ஊர் என்றே ஒரு ஊர் இருப்பதைப் பார்த்ததும் நம்மவர்கள் சிலர் உறவு கொண்டாடக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பேச்சுக்கு நான் வரவில்லை.) நடுவில் நிப்பூர். அங்கே எல்லாத் தெய்வங்களுக்கும் தலைவரான என்லிலின் கோயில். லகாஷ் அரசுக்குள் கிர்சு, லகாஷ், நிகின் என்று மூன்று நகரங்கள். போரைப் பார்த்துக்கொள்ளும் தெய்வம் கிர்சுவின் நின்கிர்சு. அங்கிருந்து வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உம்மா, அதன் தெய்வம் ஷாரா. இரண்டுக்கும் நடுவில் கு-எதேனா என்ற நல்ல விளைநிலம். அதன்மேல்தான் ஒன்றரை நூற்றாண்டுச் சண்டை.

தண்ணீர் வடக்கேயிருந்து வரும். உம்மா தலைமடை, லகாஷ் கடைமடை. நானும் கடைமடை ஊர்க்காரன்தான். மடை திறக்காத வருடங்களில் மேலூர்க்காரனை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தெந்த வார்த்தையில் வைதார்கள் என்று காதாலே கேட்டு வளர்ந்தவன். அதனால் இந்த வழக்கில் என் மனசு லகாஷ் பக்கம் சாயும். சாயத்தான் செய்கிறது. எனக்குப் பயமே அதனால்தான்.

முதல் எல்லையை வகுத்தவன் கிஷ் மன்னன் மெசாலிம். என்லில் சொல்ல, இஷ்தரான் என்ற தெய்வத்தின் வாக்குப்படி அவன் நிலத்தை அளந்து கல் நட்டான் என்கிறார்கள். அவனை நடுநிலையான மத்தியஸ்தன் என்று எழுதாத புத்தகமே இல்லை. இருக்கட்டும். ஆனால் மெசாலிமின் பெயர் பொறித்த ஒரு கதாயுதத் தலை கிர்சுவிலேயே கிடைத்தது, இப்போது பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிங்கங்கள் சுற்றிவரச் செதுக்கிய கல். நின்கிர்சுவுக்குக் கோயில் கட்டியவன் மெசாலிம், இதை நின்கிர்சுவுக்காகக் கொண்டுவந்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. பஞ்சாயத்துப் பேச வந்தவர் ஒரு கட்சியின் குலதெய்வத்துக்குக் கோயில் கட்டிக் காணிக்கையும் வைத்திருக்கிறார்! மெசாலிம் அதாப் நகரக் கோயிலுக்கும் காணிக்கை கொடுத்தவன், அதையும் சொல்லிவிடவேண்டும். மேலாதிக்கம் உள்ள மன்னன் நாலு கோயிலுக்கு எழுதி வைப்பது சகஜம். இருந்தாலும் உம்மாக்காரன் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பான் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்தானே? உம்மாவை ஆண்ட ஊஷ் அந்தக் கல்லைப் பிடுங்கி உடைத்துவிட்டு லகாஷ் சமவெளிக்குள் நுழைந்தான் என்கிறது கதை. ஏன் உடைத்தான் என்பதற்கு, அகங்காரம் என்கிற மாதிரி ஒரு காரணம்தான் லகாஷ் தருகிறது.

இந்தக் கதை முழுவதையும் சொல்வது என்மெதேனாவின் களிமண் கூம்பு. என்மெதேனா, ஊஷுக்குச் சில தலைமுறை பின்னால் வந்த லகாஷ் மன்னன். ஒரு பிரதி லூவ்ரில், இன்னொன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில். எழுதி வைத்த வரலாற்றின் மிகப் பழைய மாதிரிகளில் ஒன்று என்று இதைக் கொண்டாடுகிறோம், நியாயம்தான். ஆனால் வழக்கில் ஒரு தரப்பின் வக்கீல் எழுதிய மனுவும் இதுவேதான்.

இனி அந்தப் பிணந்தின்னிக் கழுகுக் கல்லுக்கு வருகிறேன். என்மெதேனாவுக்கு முன்பு ஆண்ட லகாஷ் மன்னன் ஈயன்னாதும், உம்மாவை வென்றதாகச் சொல்லி கி.மு. 2450 வாக்கில் நிறுத்தியது. 1881 முதல் தெல்லோவில், அதாவது பழைய கிர்சுவில், எர்னஸ்ட் த சார்செக் துண்டு துண்டாகத் தோண்டி எடுத்தார். ஒரு துண்டு வேறு வழியாக 1898ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய், 1932ல்தான் பாரிசில் மற்றவற்றோடு சேர்ந்தது. முழுக் கல்லாக இருந்தபோது ஆள் உயரம், சுமார் 1.80 மீட்டர். ஒரு பக்கம் ஈட்டிகளை நீட்டிக்கொண்டு கேடயச் சுவராக நெருக்கியடித்து நடக்கும் வீரர்கள், அவர்கள் காலடியில் பிணங்கள், மேலே வெட்டிய தலைகளைக் கவ்விப் பறக்கும் கழுகுகள். மறுபக்கம் நின்கிர்சு. பெரிய வலைக்குள் எதிரிகளை அள்ளி வைத்திருக்கிறார். வலையிலிருந்து தலையை நீட்டிய ஒருவனின் மண்டையில் கதாயுதம் இறங்குகிறது.

எல்லா அட்டையும் இந்தக் கழுகுகளோடு நின்றுவிடுகிறது. கல்லில் எழுதியிருப்பது அதைவிடச் சுவாரசியம். ஈயன்னாதும் அம்பு பட்டு நகரச் சிரமப்பட்டதை அந்தக் கல்லே ஒத்துக்கொள்கிறது. தோற்ற உம்மாவின் தலைவன் ஒவ்வொரு தெய்வத்தின் வலையின்மேலும் தனித்தனியாகச் சத்தியம் செய்கிறான்: எல்லை வாய்க்காலைத் தாண்டமாட்டேன், அதன் போக்கை மாற்றமாட்டேன், கல்லைப் பிடுங்கமாட்டேன். அவன் பெயர் எனாகல்லே என்பது என்மெதேனாவின் கூம்பிலிருந்து தெரிகிறது. சத்தியம் முடிந்ததும் ஈயன்னாதும் இரண்டு புறாக்களுக்குக் கண்ணில் மை தீட்டி, தலையில் தேவதாரு வைத்து, நிப்பூரில் இருக்கும் என்லிலிடம் அனுப்புகிறான். மை தீட்டிய புறா! கழுகுகளுக்குக் கிடைத்த பெயரில் பாதியாவது அந்தப் புறாக்களுக்குக் கிடைத்திருக்கலாம்.

இன்னொரு விஷயம். ‘கழுகுக் கல்’ என்பது நாம் வைத்த பெயர். ஈயன்னாதும் தன் கல்லுக்கு ஒரு பெயர் வைத்து அதை அந்தக் கல்லிலேயே எழுதியும் வைத்தான். இது மனிதப் பெயர் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, நின்கிர்சுதான் பிரிக்-எதேனா வாய்க்காலின் உயிர் என்ற பொருளில் பெயர் இடுகிறான். அதாவது கல்லை நட்டவனுக்கு அது வாய்க்காலின் கல். நமக்கோ பிணமும் கழுகும் கண்ணில் பட்டன, அதையே பெயராக்கிவிட்டோம். இந்த ஒரு வரியை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. எங்காவது போட்டிருந்தால் அந்தக் காப்பாளருக்கு என் நன்றி.

அடுத்து கடன். எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு லகாஷ் பக்கம் இருந்த நிலத்தின் ஒரு பகுதியை உம்மா பயிரிட்டுக்கொள்ளலாம், ஆனால் விளைகிற பார்லி வட்டிக் கடனாகக் கணக்கில் ஏறும் என்று ஏற்பாடு. உம்மா எடுத்தது ஒரு ‘குரு’ பார்லி (ஆசிரியர் இல்லை, களஞ்சியக் கணக்கிலான பெரிய அளவு). என்மெதேனாவின் கூம்பு சொல்கிற நிலுவை, இன்று பலரும் ஏற்கும் வாசிப்பின்படி, 86 லட்சத்து 40 ஆயிரம் குரு. வட்டிக்கு வட்டி. அந்த வட்டாரத்தில் தானியக் கடனுக்கு வழக்கமான வட்டி மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குரு இந்தத் தொகைக்கு வளர சுமார் 55 வருடம் போதும். இரண்டு தலைமுறை. சுமேர் முழுவதும் அறுத்துக் கொட்டினாலும் அடைக்க முடியாத கடன். கடன் கொடுத்தவனுக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

உம்மா கடனைக் கட்டவில்லை என்று அட்டைகள் எழுதுகின்றன. கட்டவே முடியாத கடன் என்று எழுதினால் கூடுதலாக எத்தனை எழுத்து ஆகிவிடும்?

அப்புறம் நடந்தவற்றையும் லகாஷ் வாயாலேயே கேட்கிறோம். எனாகல்லேயின் மகன் ஊர்-லும்மா எல்லை வாய்க்கால் தண்ணீரைத் திருப்பினான், கற்களுக்குத் தீ வைத்தான், கரைமேல் இருந்த தெய்வ மாடங்களை இடித்தான், வெளியூர்ப் படைகளைக் கூலிக்கு அழைத்தான். ஓடிப்போன அவனை உம்மாவுக்குள்ளேயே கொன்றார்கள். பூட்டிய கழுதைக் குழுக்கள் 60ஐ வாய்க்கால் கரையில் விட்டுவிட்டுப் போயிருந்தான். பிறகு சபலாம் நகரத்துக் கோயில் அதிகாரி இல் என்பவன் உம்மாவின் பதவியைப் பிடித்தான். வயல் திருடன் என்று அவனுக்கு லகாஷ் பட்டம் கட்டுகிறது. 3,600 குரு மட்டும் திருப்பித் தந்தானாம். ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, எல்லை வாய்க்கால் என்னுடையது என்றானாம். இந்த ‘ஆம்’களை நான்தான் போட்டேன். அட்டைகளில் இவை இருப்பதில்லை.

சரி, உம்மா ஒன்றுமே எழுதி வைக்கவில்லையா? வைத்திருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சமே போதும்.

லூவ்ரிலேயே ஒரு சின்னத் தங்கத் தகடு இருக்கிறது. தெய்வச் சிலைக்குத் தாடியாகப் பொருத்தியது போன்ற வடிவம். பாராஇர்நுன் என்ற பெண் ஷாராவுக்குக் கொடுத்தது. தான் யார் என்று அதில் அடுக்குகிறாள்: உம்மா மன்னன் கிஷாகிதுவின் மனைவி, உம்மா மன்னன் ஊர்-லும்மாவின் மகள், உம்மா மன்னன் எனாகல்லேயின் பேத்தி, உம்மா மன்னன் இல்லின் மருமகள். நான்கு பேரும் அவளுக்கு ‘லுகால்’, அதாவது மன்னர். லகாஷின் எழுத்துகளில் அதே ஆட்கள் ‘என்சி’, அதைவிட ஒரு படி கீழே. அந்தப் படியிறக்கம் அப்படியே நம் அட்டைகளுக்கும் வந்துவிட்டது. லகாஷுக்கு மன்னன், உம்மாவுக்கு ஆளுநர் என்று மொழிபெயர்த்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கள். பதவியைப் பிடித்த வயல் திருடன் இல், ஊர்-லும்மாவின் மகளையே தன் மகனுக்குக் கட்டி வைத்திருக்கிறான். லகாஷின் கூம்பில் ஒரு திருடனைப் பார்க்கிறோம், இந்தத் தகட்டில் ஒரு சம்பந்தியைப் பார்க்கிறோம்.

அந்தக் கிஷாகிது ஒரு எல்லைக் கல்வெட்டே எழுதினான். வாய்க்கால் வாய்க்காலாக, கரை கரையாக அளவு சொல்லி, ஷாராவின் எல்லை இது என்கிறான். பழைய கற்களைத் திரும்ப நட்டதாகவும் சொல்கிறான். அவனும் இஷ்தரானின் வாக்கைத்தான் சாட்சிக்கு அழைக்கிறான், லகாஷ் அழைக்கும் அதே தெய்வத்தை. இந்தக் கல்லை அழிப்பவனின் நகரம் பாம்பு மண்டிய இடமாகட்டும், பாழடைந்த அவன் அரண்மனையில் விஷப்பல் அவனைக் கடிக்கட்டும் என்று சாபத்தோடு முடிக்கிறான். ஈயன்னாதுமின் கல்லிலும் பாம்பு வருகிறது. உம்மா எல்லை தாண்டினால் நின்கி தெய்வம் மண்ணிலிருந்து பாம்பை அனுப்பி அதன் காலைக் கடிக்க வைக்கட்டும் என்று. ஒரே வாய்க்காலின் இரு கரையிலும் ஒரே பாம்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டை எழுதிப் பாருங்கள், பள்ளிப் பிள்ளைகள்கூட நின்று படிப்பார்கள்.

பெயரை எழுதுவதிலேயே பகை காட்டியதற்கும் சான்று இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்த என்மெதேனாவின் எல்லைத் தூணை ஆப்பெழுத்து அறிஞர் இர்விங் ஃபிங்கெல் படித்தார். 2018ல் அதைத் தனிக் காட்சியாக வைத்தார்கள். உம்மாவின் தெய்வத்தின் பெயரை எழுத்தர் வேண்டுமென்றே கோணல்மாணலாகக் கிறுக்கியிருக்கிறார் என்பது அவர் வாசிப்பு. அந்த எழுத்தர் கையில்தான் நாம் உம்மாவின் வரலாற்றைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

லகாஷின் குரல் இவ்வளவு ஓங்கிக் கேட்பதற்கு மண்வெட்டி ஒரு காரணம். கிர்சுவில் பிரெஞ்சுக்காரர்கள் 1877லேயே தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். உம்மா இருந்த தெல் ஜோகாவில் முறையான அகழாய்வு 1990களின் பின்பாதியில்தான் தொடங்கியது. ஈராக்கியர்கள் செய்தார்கள். அதற்கு நூறு வருடம் முன்பே அங்கிருந்து ஆயிரக்கணக்கான களிமண் எழுத்துப் பலகைகள் திருட்டுத்தனமாக வெளியேறிச் சந்தைக்குப் போயிருந்தன. 2003ல் போர் வந்ததும் கொள்ளையர்கள் மேட்டையே குழிகுழியாக்கினார்கள். எந்தக் குழியில் எது இருந்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. உம்மா பேசவில்லை என்று எழுதும்போது, பேசவிடாமல் செய்ததில் பழம்பொருள் சந்தைக்குப் பங்கு உண்டு என்று ஒரு அரை வரி சேர்க்கலாம். பல கூடங்களுக்கு அது சங்கடமான வரிதான்.

முடிவிலும் இதே கதை. கி.மு. 2350 வாக்கில் உம்மாவின் லுகால்சாகேசி லகாஷைச் சூறையாடினான். அப்போது லகாஷ்காரர் ஒருவர் எழுதிய களிமண் பலகை இருக்கிறது. எரிந்த கோயில்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, நின்கிர்சுவின் வயலில் பார்லியைப் பிடுங்கியதைச் சொல்லி, கிர்சு மன்னன் உருககினாமேல் பாவம் இல்லை, இந்தப் பாவத்தை லுகால்சாகேசியின் தெய்வம் நிசபா அவன் கழுத்தில் சுமத்தட்டும் என்று முடிகிறது. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்தான் சொன்னேனே, கடைமடைக்காரன். லுகால்சாகேசியின் சொந்தக் கல்வெட்டும் இருக்கிறது, நிப்பூரில் கிடைத்த கல் பாத்திரத் துண்டுகளை ஒட்டிப் படித்தது. கீழ்க்கடலிலிருந்து மேல்கடல் வரை என்லில் தனக்குத் தந்தார் என்கிறான். ஊர் நகரத்தைக் காளைபோலத் தலை நிமிர வைத்தேன் என்கிறான். உருக், லார்சா, உம்மா, சபலாம் எல்லாம் வருகின்றன. லகாஷ் வரவில்லை. எரித்த நகரத்தின் பெயரைச் சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச காலத்தில் வடக்கே அக்காத் நகரத்து மன்னன் சர்கோன் அவனைத் தோற்கடித்து, கழுத்துக் கட்டையோடு என்லிலின் வாசலுக்கு இழுத்துப் போனான். நகரத்துக்கு ஒரு அரசு என்ற காலம் அங்கே அனேகமாக முடிந்தது.

உம்மா நல்லது, லகாஷ் கெட்டது என்று திருப்பி எழுதச் சொல்லவில்லை. கல்லை உடைத்ததையும் வாய்க்காலைத் திருப்பியதையும் உம்மா நிஜமாகவே செய்திருக்கலாம். தலைமடைக்காரன் செய்யாததா? நான் கேட்பது, யார் சொன்னது என்பதையும் எழுதுங்கள் என்பது மட்டும்தான். ஆராய்ச்சியாளர்கள் இந்த எச்சரிக்கையோடுதான் எழுதுகிறார்கள். அது புத்தகத்திலிருந்து சுவருக்கு வரும் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது. இடம் போதாது என்பீர்கள், தெரியும். அறுபது வார்த்தைக்குமேல் எழுதினால் யாரும் நின்று படிப்பதில்லை என்பதும் தெரியும். அதனால் நானே எழுதிப் பார்த்தேன்:

‘ஈயன்னாதுமின் எல்லைக் கல். கிர்சு, சுமார் கி.மு. 2450. உம்மாவுடனான சண்டையில் வென்றதாகச் சொல்லி லகாஷ் மன்னன் நிறுத்தியது. கல்லுக்கு அவன் வைத்த பெயர் ஒரு வாய்க்காலைப் பற்றியது. இந்தச் சண்டையைப் பற்றி நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் லகாஷ் எழுதியவை. உம்மாவின் மன்னர்களும் இதே எல்லைக்குத் தங்கள் கணக்கை எழுதி வைத்தார்கள்.’

எண்ணிப் பார்த்துவிட்டேன், அறுபதுக்குள் அடங்குகிறது. மொழியைத் திருத்திக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கல் உங்களிடம் இல்லாமல் அதன் வார்ப்பு நகல் மட்டும் இருந்தாலும் இதே அட்டை பொருந்தும். பாராஇர்நுனின் தகடு வைத்திருப்பவர்கள் அதை நகைகளோடு வைக்காமல், முடிந்தால் என்மெதேனாவின் கூம்புக்கு எதிரே வையுங்கள். இடம் மாற்ற முடியாவிட்டால் ஒரு அம்புக்குறி போட்டாலும் போதும்.

அடுத்த லீவுக்கு மறுபடி வருவேன்.

இப்படிக்கு,
கடைமடை ஊர்க்காரன் ஒருவன்